மாத்திரையால் நுரையீரலைக் கழுவ முடியுமா?

வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, லாரி ஓட்டியவர். இளம் வயதிலிருந்தே பீடி. இப்போது நாளைக்கு நாலைந்தாகக் குறைத்திருக்கிறார். மாடி ஏறினால் இளைக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் விற்கிறார். மூன்று மாதம் சாப்பிட்டால் நுரையீரலைக் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்கிறார். பாட்டில் 2,400 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அதில் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்) என்று இருந்தால் அப்பாவுக்கு ஒரு கேப்சூல்கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களும் மஞ்சள் பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கும் முன் இந்த மாதிரி பாட்டிலைத்தான் மேசையில் வைக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

விற்பவர் சொல்வதில் முதல் பாதி, அதாவது புகையின் கெடுதலை எதிர்க்க ஆன்டிஆக்சிடன்ட் தேவை என்பது, உண்மைதான். பீடியை ஒரு இழுப்பு இழுத்தாலே செல்களைத் தாக்கிச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்கள் கோடானுகோடி உள்ளே போகின்றன. அவற்றைச் சமாளிக்க, நுரையீரலின் உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்டை உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. ரத்த பிளாஸ்மாவில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். புகை அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, புகையை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்களும் தங்கள் பங்குக்கு அதே ரகப் பொருட்களைக் கக்கும். வரவைவிடச் செலவு கூடிப்போன இந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். சரி, குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் என்ன? ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பின்லாந்தில் 1985இல் தொடங்கிய ஆய்வில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். அத்தனை பேரும் புகைப்பவர்கள். சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் இ, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வெளியானபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் இ நுரையீரல் புற்றைத் தடுக்கவில்லை. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துச் சோதித்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி? பீட்டா கரோட்டினை ஓரளவு நம்மைப் போலவே உறிஞ்சிக்கொள்ளும் ஃபெரெட் என்ற சிறு விலங்குக்கு அதை அதிக அளவில் கொடுத்து, சிகரெட் புகையிலும் வைத்துப் பார்த்தார்கள். புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்துபோகிறது. அந்தச் சிதைவுப் பொருட்கள் செல்களின் வளர்ச்சியைக் கெடுக்கின்றன என்பதுதான் அதிலிருந்து கிடைத்த விளக்கம். இதற்காகக் கேரட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். அதே பின்லாந்து ஆய்வில், உணவின் வழியே பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றுவந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. பொரியலில் வருவது வேறு, கேப்சூலில் வருவது வேறு.

அந்த 2,400 ரூபாயை ஸ்பைரோமெட்ரி என்ற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மிச்சமிருக்கும் நாலைந்து பீடி. ‘குறைத்துவிட்டேன் டாக்டர்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நுரையீரல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை மூச்சடைப்பு நோய் உள்ளவர்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, புகையைத் தொடர்ந்த ஆண்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 66 மில்லிலிட்டர் குறைந்தது; அறவே விட்டவர்களுக்கு 30தான். எந்தக் கேப்சூலும் இதற்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் அப்பாவையே பேசச் சொல்லுங்கள். தமிழிலும் பேசலாம்.

கேள்வி: சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்காக எனக்குத் தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அழுகின முட்டை நாற்றம்! இதுவும் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறாள் மகள். நிறுத்திவிடவா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிறுத்தாதீர்கள். மகள் சொல்வதும் சரிதான். அது என்-அசிட்டைல்சிஸ்டீன். நாற்றத்துக்குக் காரணம் அதிலுள்ள கந்தகம். முதலில் சளியை இளக்குவதற்காக வந்த மருந்து. பாராசிட்டமால் அளவு மீறிப்போனவர்களுக்கு முறிவு மருந்தும் இதுவே. குளூட்டாதயோன் செய்ய உடம்புக்கு வேண்டிய மூலப்பொருளைத் தருகிறது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2005இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் கொடுத்தும் நுரையீரல் திறன் குறைவது நிற்கவில்லை. 2014இல் வந்த சீன ஆய்வில், 600 மில்லிகிராம் இரண்டு வேளை என்று ஒரு வருடம் கொடுத்தபோது நோய் திடீரென முற்றுவது 22 சதவீதம் குறைந்தது. உங்கள் டாக்டர் அந்த நோக்கத்தில்தான் எழுதியிருப்பார். மாத்திரை இருக்கிறதே என்று இன்ஹேலரைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். மாத்திரை முழுக்கக் கரைந்ததும் மடமடவென்று குடித்துவிடுங்கள். நாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: அம்மா சிகரெட்டைத் தொட்டதுகூடக் கிடையாது. இருபது வருஷமாக விறகு அடுப்பில் இட்லிக் கடை. அவருக்குப் போய் சி.ஓ.பி.டி., ‘புகைப்பவர்களுக்கு வரும் நோய்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? தினமும் நெல்லிக்காய் கொடுத்தால் சரியாகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விறகுப் புகையிலும் அதே நுண்துகள், அதே ஃப்ரீ ரேடிக்கல்கள்தான். நம் ஊரில் பீடி, சிகரெட்டைத் தொடாத எத்தனையோ பெண்களுக்கு இந்த நோய் இருப்பதற்கு அடுப்பு ஒரு பெரிய காரணம். நெல்லிக்காய் தாராளமாகக் கொடுங்கள், நல்ல உணவு. ஆனால் அடுப்புப் புகைக்கு அது ஈடுகொடுக்காது. கடையை கேஸுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். உடனே முடியாவிட்டால் அடுப்பைச் சுவரோரத்திலிருந்து திறந்த பக்கத்துக்கு நகர்த்தி, புகை முகத்தில் படாதபடி, காற்று வரும் பக்கமாக அம்மாவை நிற்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மா இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று அவர் எதிரிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். பலருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.