ஊரில் வராத தும்மல் சென்னையில் ஏன்? அருகம்புல் மகரந்தமும் வாகனப் புகையும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் வயலும் வரப்புமாக வளர்ந்தவள். அப்போதெல்லாம் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கல்யாணமாகி வேளச்சேரியில், மெயின் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடமாக மழைக்காலம் முடிந்ததும் விடாத தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். போன வருடத்திலிருந்து ராத்திரியில் இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் சேர்ந்துகொண்டன. தோல் பரிசோதனையில் 'பெர்முடா புல்' ஒவ்வாமை என்று வந்திருக்கிறது. புல்லுக்கு நடுவில் இருந்தபோது வராத அலர்ஜி, புல்லே இல்லாத இடத்தில் எப்படி வரும்? என் மாமியார் தினமும் அருகம்புல் ஜூஸ் குடிக்கச் சொல்கிறார். குடிக்கலாமா?

பதில்: அந்த பெர்முடா புல் வேறெதுவும் இல்லை அம்மா, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே புல். வேளச்சேரியில் அது இல்லை என்று நினைக்காதீர்கள். காலி மனை, சாலை நடுத்திட்டு, பறக்கும் ரயில் பாதையின் ஓரம், உங்கள் காம்பவுண்டுச் சுவரின் வெடிப்பு என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் குனிந்து பாருங்கள். மெல்லிய தண்டின் நுனியில் நாலைந்து குச்சிகள் பறவைக்காலைப் போல விரிந்திருக்கும். அதுதான் பூ. புல் காற்றை நம்பி இனம் பெருக்குவதால் மகரந்தத்தை அள்ளித்தான் தூவும். அது காற்றில் வெகுதூரம் போகும்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒவ்வாமை ஒரே நாளில் வருவதில்லை. உடல் ஒரு புரதத்தைப் பல பருவங்கள் சந்தித்து, அதை எதிரி என்று தவறாகப் பதிந்துகொண்ட பிறகுதான் தும்மல் தொடங்கும். முப்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வருவது அபூர்வமில்லை. உங்களுக்குப் புகைதான் காரணம் என்று எந்தப் பரிசோதனையும் தனியாக நிரூபித்துக் காட்டாது. ஆனால் ஊர் வரப்பில் நீங்கள் சுவாசித்த மகரந்தமும், டீசல் புகைக்குள் மிதந்து வரும் மகரந்தமும் நம் மூக்குக்கு ஒன்றல்ல. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

புல் மகரந்தத் துகள் ஒன்று சுமார் 30 மைக்ரான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. இவ்வளவு பெரியது நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது; மூக்கிலும் கண்ணிலும் தங்கிவிடும். அதனால்தான் முதலில் தும்மலும் அரிப்பும். ஆனால் அந்தத் துகளுக்குள் 3 மைக்ரானுக்கும் குறைவான மாவுச்சத்துக் குருணைகள் நூற்றுக்கணக்கில் அடைந்திருக்கின்றன. ஒவ்வாமைப் புரதம் அவற்றிலும் இருக்கிறது. ஈரம் பட்டு மகரந்தம் வெடித்தால் குருணைகள் வெளியே வந்து நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இடியும் காற்றுமாக ஒரு புயல் வந்தபோது, ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் இப்படித்தான் உடைந்தது. ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே கிடையாது, புல் தும்மல் மட்டும்தான் இருந்தது.

மகரந்தம் வெடிக்கப் புயல்தான் வரவேண்டும் என்றில்லை. திமோதி என்ற புல்லின் மகரந்தத்தை, வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடிலும், அந்தப் புகை வெயிலில் மாறி உருவாகும் ஓசோனிலும் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், அதன் ஓடு சேதமாகி, பிறகு நீர் பட்டதும் அதிகமான துகள்கள் குருணைகளைக் கொட்டின. இன்னொன்று டீசல் கரி. ரைகிராஸின் முக்கியமான ஒவ்வாமைப் புரதம் அந்தக் கரித்துகளின் மேல் ஒட்டிக்கொள்வதை 1997இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். கரித்துகள் மிக நுண்ணியது. தானாக உள்ளே போக முடியாத புரதத்தை அது சுமந்துகொண்டு போய் நுரையீரலில் இறக்கிவிடக்கூடும்.

புகை மகரந்தத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை, நம் மூக்கையும் மாற்றுகிறது. அமெரிக்காவில் 1990களில், ராக்வீட் என்ற களைச்செடிக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் அந்தச் செடியின் ஒவ்வாமைப் புரதத்தை மட்டும் விட்டுப் பார்த்தார்கள், பிறகு டீசல் துகளோடு சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். சேர்த்து விட்டபோது ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஇ பல மடங்கு ஏறியது. நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்பார்களே, அதுதான்.

எல்லா மாசும் எல்லாவற்றையும் மோசமாக்கும் என்றும் சொல்லமாட்டேன். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கரியமில வாயுவை 800 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 800 பங்கு) அளவுக்கு உயர்த்தியதும் திமோதி புல் ஒவ்வொரு பூவிலும் சுமார் 50 சதவீதம் கூடுதலாக மகரந்தம் கொடுத்தது. அதே ஆய்வில் ஓசோன் ஏறியபோது மகரந்தத்துக்குள் இருந்த ஒரு முக்கியப் புரதம் குறைந்தது. ஜெர்மனி ஒன்றான சமயத்தில், கிழக்கே நிலக்கரிப் புகை சூழ்ந்த லைப்சிக் நகரக் குழந்தைகளுக்கு, மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரக் குழந்தைகளைவிட மகரந்த ஒவ்வாமை குறைவாகவே இருந்தது. ஆகவே புகையின் வகை முக்கியம். நகரச் சாலையில் வரும் டீசல் புகைதான் புல் மகரந்தத்தோடு மோசமாகச் சேர்கிறது.

இனி சிகிச்சை. எனக்குக் கவலை தருவது உங்கள் தும்மல் இல்லை, ராத்திரி இருமலும் விசில் சத்தமும்தான். அது ஆஸ்துமாவின் தொடக்கமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து ஸ்பைரோமெட்ரி என்ற, ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பயப்படாதீர்கள். 'ஒரு தடவை எடுத்தால் விடவே முடியாது' என்ற பேச்சைக் கேட்டு அதை ஒதுக்கிவைத்தவர்கள்தான் நடுராத்திரியில் ஆக்சிஜனோடு வருகிறார்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சுத்திணறலோ, உதட்டில் நீலமோ தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சிறந்த மருந்து. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, பருவம் முழுவதும் தினமும் அடிக்கவேண்டும். இரண்டு நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது. வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கம் பார்த்து அடியுங்கள். அரிப்புக்கு, தூக்கம் அதிகம் வராத ஒவ்வாமை மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு அதிகமாகும். கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஒட்டிய துகள்களை வெளியேற்றும்.

ஸ்கூட்டரில் போகும்போது என்95 மாஸ்க் போடுங்கள். அது மகரந்தத்தையும் கரியையும் தடுக்கும், நைட்ரஜன் டை ஆக்ஸைடை அல்ல. அதனால் சிக்னலில் பஸ் பின்னால் நிற்காதீர்கள். சாலைப் பக்கத்து ஜன்னலைப் போக்குவரத்து நெரியும் வேளையில் மூடி வையுங்கள். வெளியே போய்வந்ததும் முகமும் தலைமுடியும் கழுவி, உடை மாற்றுங்கள். போர்வை, தலையணை உறைகளைச் சாலை பார்த்த பால்கனியில் உலர்த்த வேண்டாம். பல வீடுகளில் இதைச் சொன்னால் வருத்தப்படுகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்: கொசுவத்தியும் சாம்பிராணியும்கூடப் புகைதான். கொசுவலைக்கு மாறுங்கள்.

ஒரு வேலை பாக்கி. தோல் அறிக்கையில் வீட்டுத் தூசிப்பூச்சி என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் பாசிட்டிவ் என்றால் வருடம் முழுக்கத் தொல்லை இருக்கும், கவனிப்பும் வேறு. அருகம்புல்தான் முதன்மை எதிரி என்று உறுதியானால், ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் இம்யூனோதெரபி பற்றி ஒவ்வாமை நிபுணரிடம் பேசலாம். அது குறைந்தது மூன்று வருடச் சிகிச்சை. ஆஸ்துமா கட்டுக்குள் வந்த பிறகே தொடங்கவேண்டும்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அருகம்புல் ஜூஸ் தும்மலைத் தீர்க்கும் மருந்து அல்ல. உங்களுக்கு அந்தப் புல்லே ஒவ்வாமை என்பதால் இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே குடித்து, நாக்கோ தொண்டையோ அரித்திருந்தால் தொடவே வேண்டாம். பிள்ளையாருக்கு மாலை தாராளமாகக் கட்டலாம். பூக்குச்சி இல்லாத இளம்புல்லாகப் பறித்து, ஒருமுறை நீரில் அலசிவிட்டுக் கட்டுங்கள்.