கேளுங்கள், கதைப்போம்: சென்னை மழைக்குக் கொழும்பில் குடை

கேள்வி: எங்கள் வீட்டில் எந்நேரமும் தமிழ்நாட்டுச் சேனல்தான் ஓடும். போன கிழமை 'அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கை' என்று திரும்பத் திரும்பப் போட்டார்கள். மாமியார் பயந்துபோய்ப் பிள்ளையை ரியூசனுக்கு விடவில்லை. இங்கே பார்த்தால் உடுப்புக் காயும் வெயில். பொய் சொல்கிறார்களா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: பொய் இல்லைத் தங்கச்சி, அது உங்களுக்குச் சொன்னதே இல்லை. சென்னை வானிலை மையத்தின் கணக்கில் 'தமிழகம், புதுவை, காரைக்கால்' ஒரே துண்டு. அந்தத் துண்டோடு அறிக்கை முடிந்துவிடும். திரையில் வரும் படத்தில் இலங்கை ஓரமாகத் தெரியத்தான் செய்யும், ஆனால் அதன்மேல் நிறம் பூசியிருக்காது. அடுத்த முறை மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்: சிவப்பும் மஞ்சளும் இராமேஸ்வரம் வரைதான்.

மழைக்காலமே வேறு. சென்னைக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. கொழும்புக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அதோடு காற்று மாறுகிற ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை. மே மாதத்தில் அங்கே கத்திரி வெயில் என்று மோர்ப் பந்தலைக் காட்டுவார்கள். இங்கே வெசாக் கூடு நனைந்து தொங்கும்.

அளவும் வேறு. அங்கே சென்ரிமீற்றர், இங்கே மில்லிமீற்றர். '7 செ.மீ.தானே' என்று அலட்சியமாக விடவும் கூடாது, அது நம் 70 மி.மீ. ஒரு நாளில் 204.4 மி.மீற்றரைத் தாண்டினால்தான் அவர்கள் 'அதி கனமழை' என்பார்கள். நல்லவேளை, நாள் கணக்கு மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒன்று: காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30.

அதற்காக அந்தச் சேனலை மூடச் சொல்லவில்லை. வங்காள விரிகுடாவில் புயல் என்றால் காது கொடுக்கத்தான் வேண்டும். வட இந்து சமுத்திரப் புயல்களைக் கவனிக்கும் பிராந்திய மையம் புதுடில்லியில் இருக்கிறது, பெயர் அறிவிப்பதும் அங்கிருந்துதான். 2020 டிசம்பரில் 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்போதும் அந்தச் சேனல்கள் பாம்பனையும் கன்னியாகுமரியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தன. குறை சொல்ல ஏலாது, அவர்கள் சனம் அங்கே. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நெட்டையாக அன்ரனா கட்டித் தூரதர்ஷன் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். படத்தைப் பார்த்தார்கள், பாட்டைக் கேட்டார்கள், மழைக்கு மட்டும் வானொலிக்குத் திரும்பினார்கள்.

கேள்வி: 'மேல் மாகாணத்தில் 100 மி.மீற்றருக்கும் கூடிய மழை' என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள். கடைச் சாமான் முழுவதையும் மேல்தட்டுக்கு ஏற்றினேன். கொட்டாஞ்சேனையில் ஒரு துளி இல்லை. கூலி யார் தருவது?
- கடைக்கார வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மேல் மாகாணம் என்றால் கொழும்பு, கம்பஹா, களுத்துறை என்று மூன்று மாவட்டம். அவிசாவளையும் கொழும்பு மாவட்டம்தான். உங்கள் கடையிலிருந்து பஸ் எடுத்தால் ஒரு தூக்கம் போட்டு எழும்பலாம். மலையடிவாரம், ஈரக்காற்று மேலேறும் இடம். அங்கே கொட்டினால் அறிக்கை சரி, உங்கள் கூரையில் கொட்ட வேண்டுமென்றில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அறிக்கை முழுதாக உங்களிடம் வந்து சேருவதில்லை. நான் ஒரு தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் இருந்தவன் (எது என்று கேட்காதீர்கள்). பௌத்தாலோக மாவத்தை வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து அறிக்கை வரும். 'மேல், சப்ரகமுவ மாகாணங்களிலும் காலி, மாத்தறை மாவட்டங்களிலும் சில இடங்களில்' என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள். விளம்பரம் கூடிய நாளில் முதலில் கத்தரி விழுவது வானிலைக்கு. மாத்தறை போகும், பிறகு காலி போகும், கடைசியில் 'சில இடங்களில்' என்பதும் போகும். மிஞ்சுவது மாகாணம் மட்டும். கொட்டாஞ்சேனை தப்பிய காரணம் அந்த வெட்டுப்பட்ட துண்டில் கிடந்திருக்கும்.

ஆனாலும் சாமானை ஏற்றியது வீண் என்று சொல்லமாட்டேன். கொழும்பில் வருடம் முழுவதும் பெய்வது ஏறத்தாழ 2,400 மி.மீ. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மி.மீற்றருக்கு மேல் விழுந்தது.

அப்புறம் களனி கங்கை. அது மாகாண எல்லை பார்க்காது. நோர்வுட்டிலும் கித்துல்கலையிலும் பெய்தது ஹங்வெல்ல வழியாக இறங்கி வெல்லம்பிட்டி, கொலன்னாவைக்குள் வந்து நிற்கும். 2016 மே வெள்ளத்தில் மழை விட்ட பின்னும் அங்கே தண்ணீர் வடியவில்லை. இதை வானிலை அறிக்கையில் தேடிப் பயனில்லை, ஆற்று மட்டம் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம். கொழும்புக்காரர் பார்க்க வேண்டியது நாகலகம் வீதி அளவுகோல்: 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். மலையகத்தில் உறவினர் இருந்தால் பார்க்க வேண்டிய மூன்றாவது இடம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத் தருகிறார்கள். அதில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் வீட்டை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது பார்த்தாலும் 'பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்' மழை. இரண்டு மணிக்கு அலாரம் வைத்தது யார்?
- பாடசாலை மாணவன், தெஹிவளை

பதில்: சூரியன்தான் தம்பி. காலையில் நிலம் சூடேறும், காற்று மேலெழும், அந்த இடத்துக்குக் கடற்காற்று உள்ளே வரும், மத்தியானம் தாண்டும்போது மேகம் முட்டி நிற்கும். இது ஏப்ரலுக்கும் ஒக்டோபர், நவம்பருக்கும் பொருந்தும். ஜூன் மழைக்கு மணிக்கூடு கிடையாது, பாடசாலை வான் வருகிற நேரத்துக்கே வரும்.

கேள்வி: ஏப்ரலில் 'சூரியன் உச்சம் கொடுக்கும் இடங்கள்' என்று வாசிக்கிறார்களே, அந்த நாள்தான் அந்த ஊரில் அதிக வெப்பமா?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: அப்படியில்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் தெற்கிலிருந்து வடக்காக நம் தலைக்கு நேரே நகர்கிறது, பகல் 12.10ஐ ஒட்டி. வெப்பத்தைத் தீர்மானிப்பதில் மேகத்துக்கும் காற்றுக்கும் பங்குண்டு. எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும். வேறெந்த நாளிலும் டிவியில் பெயர் வராத சின்ன ஊர்கள் அதில்தான் வரும்.

கேள்வி: 'கொழும்பு முதல் புத்தளம் ஊடாக மன்னார் வரையான கடற்பரப்பு கொந்தளிப்பு' என்றார்கள். நீர்கொழும்பின் பெயரே இல்லை, அதனால் போகலாம் என்கிறான் என் தம்பி. அவனுக்குப் படகு இருக்கிறது.
- ஒரு அக்கா, முகத்துவாரம்

பதில்: கடல் அறிக்கையில் கரையோரத்தைத் துண்டுகளாக வாசிப்பார்கள், இடையிலிருக்கும் ஊரெல்லாம் அடக்கம். கொழும்புக்கும் புத்தளத்துக்கும் நடுவில்தான் நீர்கொழும்பு, சிலாபமும் அப்படியே. காற்று மணிக்கு 60, 70 கி.மீ. வரை கூடும் என்றால் 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று தனியாக ஒரு வரி வரும். அது வந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். வந்திருந்தால் அவர் கரையிலிருந்து வலை பின்னட்டும், சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஒரு கோல் எடுக்கட்டும்.