ஒரே கடை ஃப்ரைஸ், ஏன் இரண்டு கருத்து?

ஒரே கடையில் வாங்கும் ஃப்ரைஸ் (நீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு) மொறுமொறுப்பாக இருக்கிறது என்கிறார் உங்கள் நண்பர்; நமுத்துப் போயிருக்கிறது என்கிறீர்கள் நீங்கள். அவர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. அவர் கடையிலேயே சாப்பிடுகிறார்; நீங்கள் பார்சலை வீட்டில் பிரிக்கிறீர்கள். “நமுத்துப் போச்சு, காசு தண்டம்” என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பொரித்த பிறகும் கிழங்கின் உள்ளீரம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பையை மடித்து மூடினால் அந்த ஆவி போக வழியில்லாமல் மொறுமொறுப்பான மேல்பகுதியிலேயே படிந்து அதை இளக்கிவிடும். பாவம், பொரித்தவர் மேல் தப்பில்லை.

அடுத்த முறை வாங்கியவுடனே இரண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மீதியைப் பை திறந்தபடியே கொண்டுபோங்கள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். வாணலியில் எண்ணெய் விடாமல் புரட்டினால் ஓரளவு தேறும்.

ஆனால் கடையிலேயே தொளதொளவென்று இருந்தால் விஷயம் வேறு: பொரித்து நேரமாகியிருக்கலாம், அல்லது எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது. அப்போது புதிதாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.