கேட்க வேண்டியதை நேராகக் கேள், தங்கச்சி

குடியாத்தத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, நான் படித்தது பொது நர்சிங். இங்கிலாந்தில் மனநல வார்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே நோயாளியை அசெஸ் பண்ணுவது, அதாவது அவர் நிலையை மதிப்பிடுவது, எப்படி? வாடகை, குளிரெல்லாம் சமாளிக்க முடியுமா?"

வாடகை, குளிரைப் பற்றி உன்கூட வேலை செய்யப்போகிறவர்களே சொல்வார்கள். புளி, மிளகாய்த்தூள் இங்கேயே கிடைக்கும், பெட்டியில் திணிக்காதே. முதல் கேள்விக்கு மட்டும் நான் விளக்கமாகச் சொல்கிறேன். 2003-ல் நான் வந்தபோது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நம்ம வேலூரில், பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்து ஆளும் நோயாளியோடு தங்குவார் இல்லையா? தூங்கினானா, சாப்பிட்டானா, தனக்குத்தானே பேசினானா, எல்லாம் அம்மாவே சொல்லிவிடுவாள். இங்கே பெரும்பாலும் நோயாளி தனியாகத்தான் இருப்பார். நீதான் பார்க்க வேண்டும், நீதான் கேட்க வேண்டும்.

என் முதல் வருடம், முதியோர் மனநல வார்டில் ஒரு தாத்தா. மனைவி இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எப்போது கேட்டாலும் "ஐ ஆம் ஃபைன்" என்பார். ஒருநாள் சட்டைகளை மடித்துக் கட்டில்மேல் அடுக்கினார், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தார். நான் "அமைதியாக இருக்கிறார், குறை எதுவும் சொல்லவில்லை" என்று எழுதி வைத்தேன். இரவுப் பணிக்கு வந்த கானா நாட்டு அக்கா விஷயத்தைக் கேட்டதும் நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாத்தா "ஆமாம்" என்று சொல்லி அழுதார். அன்று இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் அவர்கூட இருந்தோம்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று ஊரில் பயப்படுவோம். அப்படி ஆகாது. எப்படிச் செய்ய நினைத்தார், அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, இதுவரை அவரைத் தடுத்து வைத்திருப்பது எது, எல்லாவற்றையும் கேள். அவர் சொன்ன வார்த்தையையே எழுது, உன் அபிப்பிராயத்தை அல்ல. தற்கொலை ஆபத்தை அளக்கும் படிவத்தில் மதிப்பெண் குறைவாக வந்தது என்று நிம்மதியாகிவிடாதே. மதிப்பெண்ணை வைத்துத் தற்கொலையைக் கணிக்கக் கூடாது என்று இங்கே சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2022-ல் தந்த வழிகாட்டுதலே சொல்கிறது.

இன்னொன்று. தானாக வந்து சேர்ந்த நோயாளி வெளியே கிளம்பி, அதனால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்று தோன்றி, டாக்டரும் உடனே வர முடியாவிட்டால், 1983 மனநலச் சட்டம் 5(4) பிரிவின்படி ஒரு நர்ஸ் அவரை 6 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் மனநலம் அல்லது அறிவுசார் குறைபாடு (இங்கே லேர்னிங் டிசபிலிடி என்பார்கள்) பிரிவில் பதிவு செய்த நர்ஸுக்குத்தான். உன் பதிவு பொது நர்சிங்கில்தான் இருக்கும். நீயாக அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது, பொறுப்பு நர்ஸை உடனே கூப்பிடு.

நம்ம ஆட்களில் சிலர் "அது பைத்தியக்கார வார்டு, ஆறு மாசத்தில் மாறிவிடு" என்பார்கள். காது கொடுக்காதே. அவர்களே நோயாளி எதிரில் தமிழில் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகத்தில் தவிக்கிறவருக்கு அது எப்படி இருக்கும்? எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

அப்புறம், ஒரு நோயாளிகூடவே கை எட்டும் தூரத்தில் உட்காரச் சொல்லிச் சில நாள் பணி போடுவார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கு அப்போதெல்லாம் பயிற்சிக் காலத்தில் பார்த்த ஆரணி அம்மா ஞாபகம் வரும். மகன் ராத்திரி எழுந்து போனால் தெரிய வேண்டும் என்று, தன் முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு தரையில் படுத்திருப்பாள்.