பெரோவின் ‘ஓய்வில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தில் நடுவில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார்?

கதையை அவர் நம்பவில்லை என்பதே காரணம். ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவ் 1871இல் தீட்டி, இன்று மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் உள்ள இப்படத்தில், இடப்புற முதியவர் விழிகளை உருட்டி, விரல்களை விலங்கின் கூர்நகங்கள்போல் விரித்துத் தம் வேட்டைப் பிரதாபத்தை அளந்துகொண்டிருக்க, வலப்புற இளைஞர் கையிலுள்ள சிகரெட்டையும் மறந்து கேட்கிறார். இடையே சாய்ந்திருப்பவரோ காதோரம் சொறிந்தபடி நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார். முன்னால் கிடக்கும் முயலும் பறவைகளும் மிக நுணுக்கமானவை. பெரோவே வேட்டைப் பிரியர்தான்.

முகபாவங்கள் நாடகத்தனமானவை என்று எழுத்தாளர் சல்திக்கோவ்-ஷெத்ரின் குறைகூறினார். அது ஓரளவு நியாயமே. ஆயினும் புளுகுபவர் வேறெப்படித்தான் இருப்பார்? முதியவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் மாதிரியாக அமைந்தவர்கள் ஓவியருக்கு அறிமுகமான மருத்துவர்கள் என்பது கூடுதல் சுவை.