கவிழ்ந்த அண்டா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உதுமானிய சுல்தான்களின் நிலையான காலாட்படையான ஜானிசரிப் படை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1807இல் சீர்திருத்தம் செய்யப் போய் மூன்றாம் செலிம் அரியணையை இழந்தார். அதே படையை 1826இல் இரண்டாம் மஹ்மூத் ஒரே நாளில் ஒழித்துவிட்டார். பீரங்கிதான் காரணமா?

க., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள க.,

பீரங்கி செலிமிடமும் இருந்தது. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புதுப்படையும் இருந்தது. இஸ்தான்புல்லை ஒட்டிய பாஸ்பரஸ் நீரிணையின் கோட்டைக் காவலர்கள் கலகத்தில் கிளம்பியபோது அவர் அந்தப் படையைக் களமிறக்கவில்லை, கலைத்துவிட்டார். பேரரசின் தலைமை மதகுருவான ஷெய்குல் இஸ்லாமும் அவருக்கு எதிராகவே பத்வா (மதத் தீர்ப்பு) கொடுத்தார்.

ஜானிசரிகளின் உண்மையான பலம் சம்பளச் சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம். அதை வாங்க 'எசாமே' என்ற சீட்டு வேண்டும். வீரன் செத்தாலும் பெயரை அடிக்க மாட்டார்கள்; சீட்டு கைமாறி விலைபோகும். கடைக்காரரும் அதிகாரியும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள், போருக்கு வருவோர் சொற்பம். பட்டியலில் கைவைத்தால் பாதி நகரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் பந்தல்களில் அண்டாவைச் சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜானிசரிப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு செம்பு அண்டா, 'கசான்'. பிரிவுத் தலைவருக்குப் பட்டமே 'சோர்பாஜி', சூப் காய்ச்சுபவர். தொப்பியில் கரண்டி செருகியிருப்பார்கள். போரில் அண்டாவைப் பறிகொடுத்தால் பெரும் அவமானம். அதைக் கவிழ்த்தால் சுல்தானின் உப்பு இனி வேண்டாம் என்று பொருள், கலகம் தொடங்கிவிட்டது.

மஹ்மூதுக்கு நீங்கள் சொல்லும் அந்த ஒரு நாளுக்கு முன்னால் 18 ஆண்டுகள் பிடித்தன. படைத்தலைமையில் தன் ஆட்களை அமர்த்தினார், உலமாக்களை, அதாவது மத அறிஞர்களை, வசப்படுத்தினார், பீரங்கிப் படையைப் பேணினார். 1826 மே மாதம் 'புதுப்படை' என்ற பேச்சையே எடுக்காமல், தலைநகரின் 51 பிரிவுகளிலிருந்து தலா 150 பேரை, மொத்தம் 7,650 பேரைப் பயிற்சிக்குக் கேட்டார். முதலில் பத்வா, அடுத்து ஜானிசரி அதிகாரிகளின் கையொப்பம், அதற்குப் பிறகே பயிற்சி. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜூன் 14 இரவு அண்டாக்கள் கவிழ்ந்தபோது, மீறியது அவர்களே ஒப்புக்கொண்டதை. மறுநாள் நபிகளின் கொடி வெளியே வந்தது, மக்கள் சுல்தான் பக்கம் திரண்டார்கள். பீரங்கிகள் பாசறை வாயிலை உடைத்தது அதற்கப்புறம்தான்.

விலை இல்லாமல் இல்லை. 1828இல் ரஷ்யா படையெடுத்தபோது, ஜானிசரிகளுக்குப் பதிலாக மஹ்மூத் அமைத்த புதுப்படைக்கு இரண்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே எதிரி இஸ்தான்புல்லுக்கு மேற்கே உள்ள எடிர்னே நகருக்குள் நுழைந்துவிட்டான்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து