பகல் 12 மணி யூனிட்டும் இரவு 7 மணி யூனிட்டும்: வாசகர் கேள்வி–பதில்

கூரையில் 5 கிலோவொட் சோலார் போட 10 இலட்சம் கேட்கிறார்கள். கடன் எடுத்துப் போட்டால் கட்டுப்படியாகுமா?
– வாசகி, ஹட்டன்

வெயிலைப் பார்ப்பதற்கு முன் வட்டியைப் பாருங்கள். வருடச் சராசரியாக மாதம் 500 யூனிட் வருவதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்கு மழைக்காலத்து மூட்டத்தில் அவ்வளவு வராது, தை மாசியில் அதைவிடக் கூடுதலாக வரும். யூனிட் 20 ரூபா என்றால் மாதம் 10,000. கடனுக்கு வட்டி 12 வீதமென்றால் முதல் மாத வட்டியே 10,000! மின்சாரக் காசை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 20 வருடம் போனாலும் வாங்கிய கடன் தொகையில் ஒரு சதம் குறையாது. அதே கடன் 6 வீதத்தில் கிடைத்தால் 11 வருடம் 7 மாதத்தில் தீர்ந்துவிடும். பெனலும் அதே, வெயிலும் அதே.

உங்கள் வீட்டுப் பாவனை அதிகமென்றால், விற்பதைவிட நெட் மீற்றரிங் இலாபமாக இருக்கலாம். அதில் காசு கைக்கு வராது. மிஞ்சும் யூனிட் அடுத்த மாதக் கணக்கில் கழியும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது, ஆகவே முதலில் கழிவது மிக விலை கூடிய யூனிட்தான். நெட் அக்கவுன்டிங்கில் மிகுதிக்குக் காசு தருவார்கள். நெட் பிளஸில் முழுவதையும் விற்றுவிட்டு, பாவிப்பதற்குத் தனி பில் கட்டவேண்டும். கடைசி 12 மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள், விற்பனையாளரின் தாளைப் பார்த்தல்ல.

சோலார் யூனிட்டுக்கு இருபது வருடத்துக்கு விலையைக் கட்டிவைப்பது எதற்கு? அன்றன்றைய விலைக்கு வாங்கினால் என்ன?
– வாசகர், நானுஓயா

சிறு நீர்மின் நிலையங்களுக்கு 1990களின் பிற்பகுதியில் கிட்டத்தட்ட அப்படித்தான் கொடுத்தார்கள். அவை தரும் யூனிட்டால் மின்சார சபைக்கு எவ்வளவு செலவு மிச்சமோ, அதுவே விலை. எண்ணெய் விலை இறங்கினால் ஓடைத் தண்ணீரின் விலையும் இறங்கும். வங்கித் தவணை மட்டும் இறங்காது. 2007இல்தான் ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் செலவையும் பார்த்து விலை வைக்கும் முறை வந்தது. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ கூரை சோலார் திட்டத்தில் யூனிட்டுக்கு முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, மிகுதி 13 வருடத்துக்கு 15.50. கடன் அடைக்கும் காலத்தில் கூட்டி, பிறகு குறைக்கும் ஏற்பாடு. முழுச் செலவும் முதல் நாளே விழும் தொழிலுக்கு இது நியாயம்தான். குறை வேறிடத்தில்: பகல் 12 மணி யூனிட்டுக்கும் இரவு 7 மணி யூனிட்டுக்கும் அதில் ஒரே விலை வைத்தார்கள்.

அப்படியானால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரை நிறுத்தச் சொன்னார்களே, வீண்தானே?
– வாசகர், தலவாக்கலை

வீண்தான், ஆனால் காரணம் உண்டு. தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, வெயிலோ உச்சத்தில். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை மதியம் அணைத்து மாலையில் பற்றவைக்க முடியாது. மின் நிலையங்களில் சுழலும் பாரமான இயந்திரங்கள்தான் மின்சாரத்தின் அதிர்வெண்ணை நிலையாகப் பிடித்திருப்பவை. சோலார் கூடி அவை குறைந்தால் ஒரு சிறு பழுதுக்கே அதிர்வெண் சரிந்துவிடும். அவ்வருடம் பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும்.

விடையில் ஒரு பகுதி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேக்கிய ஒரு வாளித் தண்ணீர் விமலசுரேந்திரவில் ஒருமுறை, பழைய லக்ஷபானவில் ஒருமுறை, பொல்பிட்டியவில் ஒருமுறை என மூன்று மின் நிலையங்களில் மூன்று தரம் டேர்பைனைச் சுற்றும். வரட்சி மாதத்தில் பகல் சோலார் அந்த வாளியை மிச்சம்பிடித்து இரவு 7 மணிக்குத் தரும். அப்போது அதன் மதிப்பு எரியவிருந்த எண்ணெயின் மதிப்பு. அடைமழையில் அணை வழிந்தோடும் நாளில் அதே சோலார் யூனிட்டால் மிச்சம் ஏதுமில்லை. பற்றரி வைத்து மாலையில் தருபவருக்கு விலை கூட்டிக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும் என்பது என் கட்சி.

நல்ல வெயில் நேரத்தில் இன்வேர்ட்டர் (பெனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிடுகிறது. பழுதா?
– வாசகி, பொகவந்தலாவ

பெரும்பாலும் வோல்ட் ஏற்றம். நம் நாட்டு அளவு 230 வோல்ட், ஏற்ற இறக்கம் 6 வீதம். அதாவது மேல் எல்லை 243.8. நீண்ட தோட்ட லைனின் கடைசியில் இருக்கும் வீடு மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும்போது வோல்ட் அந்த எல்லையை முட்டும், இன்வேர்ட்டர் கழன்றுகொள்ளும். மதியம் 12 மணிக்கு, அது ஓடும்போது, இன்வேர்ட்டரிலும் மீற்றரடியிலும் வோல்டை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 3 வோல்டுக்கு மேல் வித்தியாசமிருந்தால் வீட்டு வயர் மெல்லியது, தடித்ததாக மாற்றுங்கள். மீற்றரடியிலேயே 243 இருந்தால் வயரை மாற்றிப் பயனில்லை. ட்ரான்ஸ்போர்மர் டெப்பை, அதாவது அது தரும் வோல்டைக் கூட்டிக் குறைக்கும் படியை, இறக்கும்படி எழுத்தில் கேட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லையைக் கூட்டிவிடுகிறேன்’ என்று யாராவது செட்டிங்கில் கை வைத்தால் விடாதீர்கள், பக்கத்து வீட்டு டிவியும் ஃப்ரிட்ஜும் போகும்.

அம்பேவெலயில் காற்றாலை சுற்றுகிறது. லயத்துக் கூரையில் சின்னதாக ஒன்று?
– வாசகர், அக்கரப்பத்தனை

வேண்டாம். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். சவுக்கு மரமும் கூரையும் காற்றை உடைத்துவிடும் இடத்தில் செக்கனுக்கு 4 மீற்றர் வேகம் கிடைத்தாலும், 2 மீற்றர் விட்டமுள்ள விசிறி ஏறத்தாழ 25 வொட்தான் தரும். மூன்று எல்ஈடி பல்ப்.